180 வெள்ளிக்கு ஒரு காது

ஜொகூர் பாருவைச் சுற்றி எந்தத் தாமானில் தேடினாலும் யாராவது ஒருவர் கண்டன்சர் மைக் விற்றுக்கொண்டிருக்கிறார். ஸ்கூடாயில் ஒன்று, தம்போயில் ஒன்று, உலு திராமில் ஸ்டாண்டோடு ஒன்று. கூலாய்க்காரர் ஒருவர் இரண்டு வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து எடுத்தால் கேபிள் இலவசமாம். விளம்பர வாசகம் மட்டும் ஒரே வாத்தியார் எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கும். 'ஜாராங் பாக்காய்', அதிகம் தொட்டதேயில்லை. கண்டிஷன் பத்துக்கு ஒன்பது. பிடித்துக்கொண்ட அந்த ஒரு மதிப்பெண் எதற்கு என்று எந்தப் புண்ணியவானும் சொன்னதில்லை.

எல்லாம் 2020இன் விளைச்சல். அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள் உட்கார்ந்தபோது பாதிப் பேர் கேக் சுட்டார்கள், மீதிப் பேர் பாட்காஸ்ட் ஆரம்பித்தார்கள். கேக்கைத் தின்று தீர்த்துவிடலாம். மைக்கை என்ன செய்வது? அலமாரிக்கு மேலே கொஞ்ச நாள், கட்டிலுக்குக் கீழே கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு இப்போது ஆளாளுக்கு விற்க வந்திருக்கிறார்கள். வாங்குகிறவனுக்கு இதைவிட நல்ல காலம் வராது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றும்போதெல்லாம் என் மனைவி பாங்கு கார்டை இடம் மாற்றி வைத்துவிடுவாள்.

எனக்கு எதற்கு மைக் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வானொலி இரண்டு நாட்டிலிருந்து வரும். ரேடியோ முள்ளைக் கொஞ்சம் திருகினால் மின்னல் எஃப்எம், இன்னும் கொஞ்சம் திருகினால் சிங்கப்பூர் ஒலி 96.8. இரண்டு பக்கத்து அறிவிப்பாளர்களையும் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கனத்த குரல் வந்து சேர்ந்தது. அந்தக் குரலை வைத்துச் சொந்தக்காரர் கல்யாணங்களில் 'மணமக்கள் மேடைக்கு வருகிறார்கள்' என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில், கையில் பிரியாணித் தட்டோடு ஒருவர் வந்து, "அண்ணே, நீங்க ரேடியோவுல இருக்க வேண்டிய ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊறுகாய் எங்கே என்று கேட்க வந்தவர் என்றுதான் என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். அவர் வைத்த தீ அணையவில்லை. என் தாத்தா பால்மரம் வெட்டிய காலத்துத் தோட்டத்துக் கதைகளை எழுதி வைத்திருக்கிறேன். அவற்றை என் குரலிலேயே வாசித்துப் பதிவுசெய்து, நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் சொந்தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். குடும்ப வாட்ஸ்அப்பில் இதை அறிவித்தபோது கும்பிடு போடும் கைப்படங்கள் நிறைய வந்தன. அவை வாழ்த்தா, வேண்டாம் என்று கெஞ்சுவதா என்று நான் ஆராயவில்லை.

நான் குறிவைத்தது மாசாயில் இருந்த ஒன்று. 180 வெள்ளி. ஆரம்பநிலை மாடல்தான், ஆனால் பெயருள்ள கம்பெனி. படத்தில் மைக்குக்குப் பின்னால் ஒரு குழந்தையின் பால் புட்டி தெரிந்தது. பாட்காஸ்ட் ஏன் நின்றது என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தாமானில் எல்லோருக்கும் மாமாவாக இருக்கும் ஒருவரிடம் முதலில் யோசனை கேட்டேன். கூலாய், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்துக் கோயில்களுக்கு அந்தக் காலத்தில் மைக்செட் வாடகைக்கு விட்டவர். தென்னை மரத்தில் ஹார்ன் ஸ்பீக்கரைக் கட்டினால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். மூன்றாவது தோட்டத்தில் இருந்தவர்களை நான் விசாரித்திருக்கிறேன். நாலாவது தோட்டத்துக்கும் கேட்டதாம்.

"தம்பி, மைக்குன்னா என்ன தெரியுமா? திருவிழா அன்னிக்கு மழையில நனையணும். சாம்பிராணிப் பொகையில கெடக்கணும். கோயில் தலைவரு எச்சி தெறிக்கத் தெறிக்க ஒரு மணி நேரம் பேசணும். கீழ போட்டு ஒடைக்கணும். எடுத்துத் தொடச்சு 'ஹலோ'ன்னா அது 'ஹலோ'ங்கணும். அதான் மைக்கு."

அவர் சொல்வது டைனமிக் மைக். காந்தத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கம்பிச்சுருள். நாம் பேசினால் ஆடும், ஆடினால் தானே மின்சாரம் உண்டாகும். கண்டன்சரின் ஜாதி வேறு. அதில் இரண்டு தகடுகள். ஒன்று அசையாது. மற்றது தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம்; சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டுக்கும் நடுவில் மின்னேற்றம் நிற்கும். நாம் பேசும்போது படலம் அசைகிறது, இடைவெளி மாறுகிறது, அந்த மாற்றம்தான் ஒலியாகிறது. 1916இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்டே என்பவர் இதை உருவாக்கியது பாட்டுப் பதிவுசெய்ய அல்ல, ஒலியைத் துல்லியமாக அளக்க. அளக்கப் பிறந்த சாமான் என்பதை மனதில் வையுங்கள். அதன் குணம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு வெளியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும், பேன்டம் பவர் என்று பெயர் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"மைக்குக்கே சோறு ஊட்டணுமா?"

ஊட்டத்தான் வேண்டும். ஏன் 48 என்பதற்கு ஒரு கதை உண்டு. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி கேஎம்84 என்ற டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே வானொலிக்காகத் தயாரித்தது. குளிர்காலத்தில் பகலிலேயே இருட்டிவிடும் ஊர். கூடங்களில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் கொடுத்துவிடலாமே என்றார்கள். உலகம் முழுவதற்கும் அதுவே அளவாகிவிட்டது. நார்வேக்காரன் இருட்டுக்குப் பயந்து போட்ட விளக்கின் கணக்கில், சூரியன் தலையில் நின்று அடிக்கும் ஜொகூரில் நான் 48 வோல்ட்டுக்குப் பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். அதே 1966இல்தான் அமெரிக்காவில் ஷூர் கம்பெனி எஸ்எம்58ஐ வெளியிட்டது. மாமாவின் வேதத்துக்கு அதுதான் மூலமூர்த்தி. அவரிடமும் 'ஷூர்' என்று எழுதிய மைக் ஒன்று இருக்கிறது. உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் எஸ்எம்58 ஒன்று என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

48 வோல்ட் பெட்டி என் அக்கா மகனிடம் கிடைத்தது. இசைக்குழு வைத்திருக்கிறான். இன்டர்ஃபேஸ் என்பார்கள், மைக்கை ஒரு பக்கம் செருகி மறுபக்கம் கணினியில் மாட்டினால் மின்சாரமும் போகும், ஒலியும் வரும். "ஒரு வாரத்துல குடுத்துருங்க மாமா" என்று சொல்லித்தான் தந்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மைக்குகளின் எண்களைப் படிக்க வேண்டியதுதான். இங்கேதான் மனிதன் கெட்டுப்போகிறான். ஒவ்வொரு கண்டன்சருக்கும் சொந்த இரைச்சல் உண்டு. யாரும் பேசாதபோதும் அது தானாக முனகுகிற அளவு. ரோட் என்டி1-ஏவுக்கு 5 டெசிபல். ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020க்கு 20. நாய்மன் யு87 என்ற மகாராஜாவுக்கே 12. அந்த மகாராஜாவின் விலைக்கு ஒரு புது கப்சாய் மோட்டார் வாங்கிப் பெட்ரோலும் அடித்துக்கொள்ளலாம். ஐம்பது அறுபது வெள்ளிக்கும் கிடைக்கிற பிஎம்-800 என்ற சீனத்து மைக் இன்னொரு ரகம். பார்க்க ஆளுயரச் சாமி மாதிரி இருக்கும். கூண்டைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு எலெக்ட்ரெட் வில்லை. எலெக்ட்ரெட் ஒன்றும் மட்டமில்லை. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் அதை உருவாக்கியதால்தான் தொலைபேசி முதல் டேப் ரெக்கார்டர் வரை எல்லாவற்றுக்கும் மைக் மலிவாகக் கிடைத்தது. இவ்வளவு பெரிய கர்ப்பகிரகம் எதற்கு என்பதுதான் கேள்வி.

இப்படி 5க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தை இராத்திரி தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தபோது, போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு என் அறையை அளந்தேன். சீலிங் ஃபேன் இரண்டாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. 46 காட்டியது.

முனகல் 5ஆ 20ஆ என்று பஞ்சாயத்து வைத்தவன் குடியிருக்கும் வீடு 46இல் உறுமுகிறது. போன் செயலி கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம். அதற்காக 46ஐ 20 ஆக்கிவிடாது. நல்ல ஒலிப்பதிவுக் கூடங்களே 20ஐ ஒட்டித்தான் இருக்கும். என் வீடோ மாடித் தொடர்வீடு. இடது சுவர் ஒருவருடையது, வலது சுவர் இன்னொருவருடையது. எனக்கென்று தனியாக இருப்பது கூரையும் கடனும்.

கண்டன்சர் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வேலை இதுதான்: முதலில் ஒரு நிமிட மௌனத்தைப் போனில் பதிவுசெய்யுங்கள். பேசாதீர்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். நான் ஒரு நாள் மத்தியானம், எல்லாம் அடங்கிக் கிடப்பதாக நினைத்த வேளையில், வரவேற்பறையில் அப்படிச் செய்தேன். முதலில் ஃபேன். அடுத்து ஐஸ்பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி மோட்டாரை ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில். ரொட்டிக்காரர் மோட்டாரின் ஹாரன். தெருமுனையில் பழைய பேப்பர் லோரி. 'சூராட் காபார் லாமா' என்று எப்போதோ பதிவுசெய்த குரல், இவ்வளவு ஆண்டு ஆகியும் தொண்டை கட்டவில்லை. செனாய் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று. சுவரில் எங்கோ பல்லி. இத்தனைக்கும் நடுவில் யாரோ பெரிதாக மூச்சு விடுகிறார்கள் என்று பயந்து மறுபடி போட்டுக் கேட்டேன். அது நான்தான்.

ஃபேனை நிறுத்தலாமே என்பீர்கள். ஜொகூரில் ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று பக்கம் வாசித்துப் பாருங்கள், மூன்றாம் பக்கத்தில் மை கரைந்திருக்கும். ஐஸ்பெட்டியை நிறுத்தலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "உள்ள மீன் இருக்கு. மீன் கெட்டா அடுத்து நீங்கதான் உள்ள போகணும்" என்றாள். இரவில் பதிவுசெய்யலாம் என்றால், மழை பெய்த இரவுகளில் லொங்காங் தவளைகள் எனக்குப் பின்னணி பாடின. விடியற்காலை என்றால் குயில். கவிதையில் படித்தபோது குயில் எவ்வளவு இனிமையான பறவையாக இருந்தது! ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு கூவலையும் முந்தியதைவிட அரை சுருதி ஏற்றிக் கத்துகிற அந்தப் பறவையைக் கவிஞர்கள் யாரும் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை போலிருக்கிறது.

உடுப்பு அலமாரிக்குள் தலையை விட்டு வாசிக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். துணி ஒலியை உறிஞ்சும் என்பது உண்மை. என் மனைவியின் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் தாத்தாவின் கதையில் ஒரு பாராவை வாசித்தேன். குரல் உண்மையாகவே ரேடியோ மாதிரி வந்தது. 'துரை குதிரையில் வந்தார்' என்ற இடத்தில் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறி, துரை தும்மினார்.

அப்புறம் காடி. சும்மா சொல்லக்கூடாது, மைவி நல்ல ஒலிப்பதிவு அறை. இருக்கைகள் எதிரொலியை விழுங்கும், கண்ணாடிகள் கொஞ்சம் திருப்பி அடிக்கும், மொத்தத்தில் வீட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். இரவு பதினோரு மணிக்கு வீட்டு வாசலில் காடிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருந்தேன். கங்காணி கூலியாட்களைத் திட்டும் கட்டம். நன்றாக ஏற்ற இறக்கத்தோடு கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியில் டார்ச் வெளிச்சம். ருக்குன் தெத்தாங்கா ரோந்து வந்த இரண்டு வீடு தள்ளி இருக்கும் பக்சிக். கண்ணாடியை இறக்கினேன். உள்ளே எட்டிப் பார்த்தார்; வேறு யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தி, வீட்டில் சண்டையா என்று மலாயில் கேட்டார். நான் கதை, மைக், பதிவு என்று விளக்க விளக்க அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில், 'பொறுமையாக இரு, பெண்கள் அப்படித்தான்' என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு கிண்ணம் ரெண்டாங் வந்தது. என் மனைவியிடம் கொடுத்து, கோபத்தை மற என்று சொன்னார்களாம்.

ஆக, இடம் ஒருவாறு கிடைத்துவிட்டது. இனிப் பழைய கண்டன்சரை எப்படிச் சோதிப்பது என்பதுதான் பாக்கி. இந்த விஷயத்தில் ஜொகூர்க்காரன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை வருஷம் ஆயிற்று என்பதல்ல, எங்கே வைத்திருந்தாய் என்பதுதான். அந்தத் தங்கப் படலத்துக்கும் பின்தகடுக்கும் நடுவில் நிற்கும் மின்னேற்றத்துக்கு ஈரம் ஆகாது. நம் ஊர்க் காற்றோ வருஷம் முழுவதும் பிழிந்தால் சொட்டும். படலத்தில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்னேற்றம் ஒழுகும். ஹெட்ஃபோனில் எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி கேட்கும். ஈரம் காய்ந்தால் சில சமயம் சரியாகிவிடும், அழுக்கும் படிந்திருந்தால் ஆகாது. மழைக்காட்டில் படம் எடுக்கிறவர்கள் சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை மைக்கைத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான். அது வேறு வழியில், ரேடியோ அலைவரிசையில் வேலை செய்வது, ஈரத்துக்கு அவ்வளவாக மசியாது. அதன் விலைக்கு நானும் மசியவில்லை. மற்றவர்களுக்கு இறுக்கமாக மூடும் ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். சிகரெட் குடிப்பவர் வீட்டு மைக்கா என்று கூண்டை மோந்தும் பார்க்கலாம். பொது இடத்தில் செய்தால் பக்கத்திலிருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மைக்கின் சொந்தக்காரத் தம்பி சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டுகிறவனைச் சந்திக்க இரவு ஒன்பதரையைவிட்டால் நேரமில்லை. மாசாயில் ஒரு மாமாக் கடையில் வரச் சொன்னான். மாமாவும் கூட வருவேன் என்றார். "ஒன்ன ஏமாத்திப்புடுவானுங்க தம்பி" என்று காரணம் சொன்னார். அவர் வீட்டில் அன்று புட்டு.

தம்பி முன்பக்கம் பின்னாகப் போட்ட ஜாக்கெட்டோடு மோட்டாரில் வந்து இறங்கினான். மைக் ஒரு தாப்பாவ் பையில் இருந்தது. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்திருந்தால் உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெளிக்காற்று பட்டதும் என் மூக்குக் கண்ணாடி பனிக்கிறதே, அதே காரியம் படலத்திலும் நடக்கும். அதனால் கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று தே தாரிக் சொன்னோம்.

"ஏன் தம்பி விக்கிறீங்க?"

"கோவிட்ல பாட்டுப் பாடிப் போடலாம்னு வாங்குனதுண்ணே. அப்புறம் 2022 ஏப்ரல்ல பார்டர் தொறந்துட்டான். நாலு மணிக்கு எந்திரிக்கிறவனுக்கு என்னாண்ணே கொரலு வரும், கொட்டாவிதான் வருது. அதோட இந்த மைக்கும் சரியில்லண்ணே..." என்று ஆரம்பித்து, விற்க வந்திருப்பது நினைவுக்கு வந்து தேநீரைக் குடித்தான்.

மேசையில் மடிக்கணினி, பெட்டி, கேபிள், மைக் எல்லாம் பரப்பியதும் கடையில் ஒரு சலசலப்பு. இராமநாதபுரத்திலிருந்து வந்து வேலை செய்யும் பையன் ஓடிவந்து மேசையைத் துடைத்தான். "சார், டிவியில வருமா?" என்றான். கல்லாவில் இருந்தவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எதிர்பாராமல் எங்கள் ரொட்டி சானாய்க்குக் கூடுதலாகக் குழம்பு வந்தது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 48 வோல்ட் பொத்தானை அழுத்தினேன். கடுகு பொரியவில்லை. மெல்லிய முனகல், அவ்வளவுதான். மாமா கையை நீட்டி மைக்கின் தலையில் மூன்று தட்டுத் தட்டி, ஊதவும் வாயைக் குவித்தார். நல்லவேளையாக ரொட்டியை வாயில் வைத்து அடைத்தேன். "பேசுங்க தம்பி" என்றேன். தம்பி மைக்கை ஐஸ்கிரீம் கோனைப் பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்து உச்சியைப் பார்த்துப் பேசினான். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி வந்தது.

இந்த வகை மைக்குக்குப் பேச்சு உச்சியில் அல்ல, பக்கவாட்டில். கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம்தான் முகம். முகத்துக்கு எதிரே கேட்பது நன்றாக விழும், முதுகுப்பக்கம் வெகுவாக அடங்கிப்போகும். நான் அவன் கையிலிருந்த மைக்கைத் திருப்பி, முத்திரையை அவன் வாய்க்கு நேராக வைத்து, ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினேன். "இப்பப் பாடுங்க."

இரண்டே வரி பாடினான். நிறுத்தினான். மைக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது என் கொரலா?"

"உங்க குரல்தான்."

"ரெண்டு வருஷமா இது இப்படியா இருந்துச்சு?" ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இன்னும் இரண்டு வரி பாடினான். கண்ணை வேறு மூடிக்கொண்டான். வாங்க வந்தவன் சாமானைப் பற்றி இவ்வளவு விளக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றைம்பதிலிருந்து பேரத்தை ஆரம்பிக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். "அண்ணே, நான் ஒரு நாள் யோசிச்சுச் சொல்லட்டா?" என்றான் தம்பி.

அதற்குள் மாமா, "என்னாதான் கேக்குது, குடு பாப்போம்" என்று ஹெட்ஃபோனை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். மைக் மேசையில் கிடந்தது, முகம் வலது பக்கத்து மேசைகளைப் பார்த்தபடி. மாமாவின் வாய் மென்றுகொண்டிருந்தது. மெல்வது மெதுவானது. நின்றது.

"தம்பி," என்றார் கிசுகிசுப்பாக, "அந்த மூலையில செகப்பு சட்டை போட்டவன் இருக்கான்ல, பெர்மிட் புதுப்பிக்கலயாம்."

மூலை மேசை எங்களிடமிருந்து நாலு மேசை தள்ளி இருந்தது. அவர் மைக்கைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். அங்கே ஒரு குடும்பம், பெரியவர்களாக ஐந்து பேர், தலைகள் கூடியிருந்தன. மாமா கண்ணை மூடிக்கொண்டார். "பொண்ணு பாத்துட்டு வந்துருக்காங்க... மாசாய் பொண்ணுதான்... படிச்சிருக்காம்... பொண்ணு நல்ல பொண்ணாம், ஆனா அவ அம்மா..." கையை உயர்த்தி எங்களை அடக்கினார். கடை முழுவதும் அடங்க வேண்டும் என்று அந்தக் கை சொன்னது. மிகச் சரியாக அந்த நேரத்தில் உள்ளே ஒருவர் தட்டுகளைத் தொட்டியில் கொட்டினார். 'தே ஓ ஐஸ் லீமாவ் சத்து' என்று ஒரு குரல் பிளந்துகொண்டு போனது. மாமா துடித்துப்போய் மைக்கை அப்படியும் இப்படியும் திருப்பினார். குடும்பம் எழுந்து பணம் கட்டப் போய்விட்டது.

"அவ அம்மா என்னாவாம்?" என்று தம்பி கேட்டான்.

"அதத்தான்டா கேக்க விடலியே!" மாமா ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. சட்டைப் பையில் கையை விட்டார். "எவ்வளவுடா சொன்ன?"

"நூத்தி எம்பது. ஆனா மாமா, நான் யோசிச்சு..."

"எரநூறு."

நாற்பது வருஷம் திருவிழாக் கமிட்டிகளோடு ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் சண்டை போட்ட மனுஷர், வாய்விட்டுக் கேட்காத இருபது வெள்ளியை மேலே வைத்தார். தம்பி ஒரு கணம் மைக்கைப் பார்த்தான். பால் புட்டிக்காரன் அவன். பணத்தை எடுத்து எண்ணினான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில், நான் பசியாறுவதற்கு முன்னால் போன் வந்தது. பழைய ஆம்பிளிபயரில் மாட்டினாராம், ஹார்ன் ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தாராம், செத்த பிணம் மாதிரி கிடக்கிறதாம்.

"தம்பி, அதுக்குச் சோறு ஊட்டணும்னியே, அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு வாசல் திண்ணையில் மைக் ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது, முகம் தெருவைப் பார்த்தபடி. பெட்டியை மாட்டிக் கொடுத்ததும் மாமா ஹெட்ஃபோனைப் போட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம் அவர் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அக்கா மகன் தினமும் மெசேஜ் அனுப்புகிறான். நேற்று மாமாவிடம் கொஞ்சம் கண்டிப்பாகக் கேட்கலாம் என்று போனேன். என்னைக் கண்டதும் ஹெட்ஃபோனைப் பாதி நகர்த்தி, "வா தம்பி. ஒன் பொண்டாட்டியும் பக்சிக் சம்சாரமும் மார்க்கெட்டுக்குப் போறப்ப ஒன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டுப் போனாங்க" என்றார்.

என்ன பேசினார்கள் என்று சொல்ல ஒரு கோப்பி ஓ கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பற்றி நான் அன்று ஒன்றும் பேசவில்லை.